குலைநோய்ப் பூஞ்சையும் தேசப் பாதுகாப்பும்: ஆய்வுத் தரவைத் திறந்து வைக்கலாமா?

கேள்வி: திருவாரூர் மாவட்ட வயல்களில் சம்பாப் பருவத்தில் குலைநோய், பாக்டீரியா இலைக்கருகல் மாதிரிகளைச் சேகரித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். கட்டுரையை ஏற்றுக்கொண்ட ஆய்விதழ், மரபணு வரிசை, வயல் படங்கள், ட்ரோன் வரைபடம் எல்லாவற்றையும் பொதுவெளியில் வைக்கச் சொல்கிறது. கூட்டாய்வு செய்யும் வெளிநாட்டுப் பேராசிரியர், ஆய்வகத்தில் வளர்த்த உயிருள்ள கிருமிகளை, அதாவது கல்ச்சர்களைக் கூரியரில் கேட்கிறார். என் நெறியாளரோ, “இதெல்லாம் தேசப் பாதுகாப்பு விவகாரம், பேசாமல் பூட்டி வை” என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது?

பதில்:

உங்கள் நெறியாளர் சும்மா பயமுறுத்தவில்லை. ஆனால் வேறு வேறு சட்டங்களுக்குள் வரும் நான்கு சங்கதிகளை ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டச் சொல்கிறார். மரபணு வரிசைக்கு ஒரு சட்டம், கல்ச்சருக்கு ஒரு சட்டம், ட்ரோன் பறப்பதற்கு ஒரு சட்டம், அது எடுத்த படத்துக்கு இன்னொன்று. இவற்றில் எதற்குமே ‘பூட்டி வை’ என்பது பதில் இல்லை.

தேசப் பாதுகாப்பும் திறந்த அறிவியலும் உரசிக்கொள்ளும் இடம்தான் என்னுடைய சட்ட ஆய்வு. அதில் எனக்குத் திரும்பத் திரும்பத் தட்டுப்படுவது ஒன்று உண்டு. ஊரறியப் பிரசுரிப்பதைவிட, ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொடுப்பதைத்தான் நம் சட்டங்கள் அதிகம் சந்தேகிக்கின்றன. நம் கல்லூரிகளும் அலுவலகங்களும் இதற்கு நேர்மாறு. தனி ஈமெயிலில் எதை வேண்டுமானாலும் அனுப்பிவிடுவார்கள். பிரசுரம் என்றால் மட்டும் கை நடுங்கும்.

முதலில் நோய்க்கு வருவோம். நெல்லுக்கு வரும் வியாதிக்கும் நாட்டுப் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சிரிக்கத் தோன்றும். குலைநோய் என்றால் இலையில் கண் வடிவில் ஒரு புள்ளி, நடுவில் சாம்பல், ஓரத்தில் பழுப்பு. கழுத்தில் விழுந்தால் கதிர் பதராகித் தலை மடிந்துவிடும். டெல்டாவில் இதைப் பார்க்காத விவசாயி கிடையாது. ஆனால் உயிரியல், ரசாயன ஆயுதப் பரவலைத் தடுக்க ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளை ஒருங்கிணைக்கும் ஆஸ்திரேலியா குழுமம் என்ற நாடுகளின் கூட்டமைப்பு ஒரு பயிர்நோய்க் கிருமிப் பட்டியல் வைத்திருக்கிறது. குலைநோய்ப் பூஞ்சை, இலைக்கருகல் பாக்டீரியா, செம்புள்ளி நோய்ப் பூஞ்சை மூன்றும் அதில் உண்டு. காரணம் வெறும் கற்பனை இல்லை. பனிப்போர்க் காலத்தில் அமெரிக்காவின் உயிரியல் ஆயுதத் திட்டம் குலைநோய்ப் பூஞ்சையை, அரிசி உண்ணும் நாடுகளின் பயிரை அழிக்கும் ஆயுதமாகவே வளர்த்துச் சேமித்தது. 1969ல் நிக்சன் அந்தத் திட்டத்தை நிறுத்தினார். 1972ல் உயிரியல் ஆயுத உடன்படிக்கை கையெழுத்துக்கு வந்து, 1975ல் நடைமுறையானது.

குழுமத்தின் நச்சுப் பட்டியலையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அப்ரின் என்று ஒன்று இருக்கும். சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிக்கிறோமே, அந்தக் குன்றிமணியிலிருந்து வருவது. ஆமணக்கு விதையின் ரிசின், ரசாயன ஆயுத உடன்படிக்கையின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. அதற்காகக் கும்பகோணம் கடைத்தெருவில் குன்றிமணி விற்பவரை யாரும் பிடிப்பதில்லை. பட்டியல் கேட்பது பிரித்தெடுத்த நஞ்சைப் பற்றி. பெயரைப் பார்த்துப் பயப்படாமல், எந்த வடிவத்தில், யாருக்கு, எதற்கு என்று கேட்கப் பழகினால் பாதிக் குழப்பம் தீரும்.

இந்தியா ஆஸ்திரேலியா குழுமத்தில் ஜனவரி 2018ல் சேர்ந்தது. அதற்கு முன்பே நம்மிடம் ஸ்கோமெட் என்ற பட்டியல் உண்டு: சிறப்பு ரசாயனங்கள், உயிரிகள், பொருட்கள், கருவிகள், தொழில்நுட்பங்கள். வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் அதைப் பராமரிக்கிறது. பின்னால் நிற்பவை இரண்டு சட்டங்கள்: 1992ன் வெளிநாட்டு வர்த்தகச் சட்டம், 2005ன் பேரழிவு ஆயுதச் சட்டம். பட்டியலின் இரண்டாம் பிரிவு நுண்ணுயிரிகளும் நச்சுகளும். பயிர்நோய்க் கிருமிகளுக்கு அதில் தனி இடம் இருக்கிறது. பட்டியல் அவ்வப்போது திருத்தப்படுவதால், உங்கள் கிருமியின் அறிவியல் பெயரை நடப்புப் பதிப்பில் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். போன வருடப் பிரதி போதாது.

இனி உங்கள் கேள்வியின் மையம். மேற்சொன்ன இரண்டு சட்டங்களுமே ‘தொழில்நுட்பம்’ என்பதற்கு வரையறை தரும்போது, பொதுவெளியில் இருக்கும் தகவலை அதிலிருந்து விலக்கிவிடுகின்றன. ஆஸ்திரேலியா குழுமத்தின் விதியும் பொதுவெளித் தகவலுக்கும் அடிப்படை அறிவியல் ஆராய்ச்சிக்கும் கட்டுப்பாடு இல்லை என்கிறது. எந்த வயலில் எந்த இனம் கண்டோம், மரபணு எப்படி இருக்கிறது, எந்த நெல் ரகத்தை எது தாக்குகிறது என்பவை அடிப்படை ஆராய்ச்சி என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மரபணு வரிசை என்பது கணினியில் இருக்கும் எழுத்துகள். உயிருள்ள பூஞ்சை அல்ல. அதைப் பொதுத் தரவகத்தில் வைப்பது ஏற்றுமதி உரிமம் கேட்கும் வேலை இல்லை. அரசின் போக்கும் அதுதான். 2014ல் உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து திறந்த அணுகல் கொள்கை கொண்டுவந்தன. 2021ல் வந்த பயோடெக்-பிரைட் வழிகாட்டி, மக்கள் பணத்தில் உருவான உயிரியல் தரவைப் பகிரச் சொல்கிறது. அதற்காகவே ஃபரிதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் 2022ல் திறக்கப்பட்டது. ஆய்விதழ் ஏற்றுக்கொண்டால் அங்கேயே வையுங்கள். நெறியாளருக்கும் மனம் ஆறும்.

அதே சமயம், இன்னும் அச்சேறாத செய்முறைக் குறிப்பை வெளிநாட்டுப் பேராசிரியருக்குத் தனி ஈமெயிலில் அனுப்புகிறீர்கள் என்று வையுங்கள். அது பொதுவெளித் தகவல் அல்ல. ‘மாற்றித் தருதல்’ என்ற சொல்லுக்குள் அது வந்துவிடலாம். நோய்த்தாக்க எண்ணிக்கை, இலைப் படங்கள் என்றால் ஒன்றும் ஆகாது. பூஞ்சை வித்துகளைப் பெருமளவில் உற்பத்தி செய்வது, உலர்த்தி நாள்பட வைத்திருப்பது, காற்றில் தூவும் நுணுக்கம் என்றால் கதையே வேறு. எந்தச் சோதனைச்சாலையிலும் இப்படிச் சில பக்கங்கள் நோட்டில் இருக்கும், கெட்ட எண்ணம் துளியும் இல்லாமல். அந்தப் பக்கங்கள் மட்டும் தனியாக யோசிக்க வேண்டியவை.

பிரசுரித்தால் எல்லாம் சரி என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ள முடியாது. பிரசுரமே ஏற்றுமதி என்று ஓர் அரசு சொன்ன வழக்கு இருக்கிறது. ராட்டர்டாமில் ரான் ஃபூஷியே குழுவும், யோஷிஹிரோ கவாவோக்காவின் குழுவும் பறவைக் காய்ச்சல் வைரஸைப் பாலூட்டிகளுக்கிடையே காற்றில் பரவும்படி மாற்றின. 2011 டிசம்பரில் அமெரிக்காவின் உயிரிப் பாதுகாப்பு ஆலோசனை வாரியம், செய்முறையை வெட்டிவிட்டுப் பிரசுரியுங்கள் என்றது. 2012 மார்ச்சில் மனம் மாறியது. நெதர்லாந்து அரசோ, கட்டுரையை அமெரிக்க இதழுக்கு அனுப்புவதே ஏற்றுமதி, உரிமம் வேண்டும் என்றது. ஃபூஷியே முணுமுணுத்துக்கொண்டே விண்ணப்பித்தார், உரிமம் கிடைத்தது, கட்டுரையும் வந்தது. பிறகு வழக்குப் போட்டார். 2013ல் ஹார்லெம் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2015ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு ரத்தானது. ஆனால் அடிப்படை ஆராய்ச்சி எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு விடை வரவேயில்லை. இந்தியாவில் அப்படி ஒரு வழக்கு வந்தால் நம் நீதிமன்றம் என்ன சொல்லும் என்பதுதான் என் ஆய்வின் பெரும்பகுதி.

இந்தத் துறையில் வழக்காடியவர்களில் எனக்குப் பிடித்தவர் விஞ்ஞானி இல்லை, ஒரு சட்டப் பேராசிரியர். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் பீட்டர் ஜங்கர் என்பவர் கணினிச் சட்டம் கற்பித்தார். பாடத்துக்காக எழுதிய சின்னச் சின்ன மறையாக்க (என்க்ரிப்ஷன்) நிரல்களை இணையத்தில் போட நினைத்தார். அச்சுப் புத்தகத்தில் வரலாம், ஆனால் அதையே மின் வடிவில் வைத்தால் ஏற்றுமதி உரிமம் வேண்டும் என்றது வர்த்தகத் துறை. ஒரே வரிகள், தாளில் இருந்தால் அறிவு, திரையில் இருந்தால் ஆயுதம்! 2000ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், நிரலும் பேச்சுரிமைப் பாதுகாப்புக்குள் வரும் என்றது. உங்கள் மரபணு வரிசையை இணையத்தில் போடுவதும் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் அச்சடிப்பதும் வேறு வேறா என்று நெறியாளரிடம் கேட்டுப் பாருங்கள்.

கல்ச்சருக்கு வருவோம். இங்கே நெறியாளர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தயவுசெய்து கூரியர் கவரில் போட்டு அனுப்பிவிடாதீர்கள். ஸ்கோமெட் பட்டியலில் இருந்தால் ஏற்றுமதி உரிமம் வேண்டும். விண்ணப்பம் பல அமைச்சகங்கள் உட்காரும் குழுவுக்குப் போகும், நாள் ஆகும். பட்டியலில் இல்லை என்றாலும் 2002ன் பல்லுயிர்ச் சட்டம் இருக்கிறது. நுண்ணுயிரியும் அதன்படி உயிரியல் வளம்தான். வெளிநாட்டவர் அதைப் பெறுவதற்கு தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். அதன் தலைமையகம் டெல்லியில் இல்லை, சென்னைத் தரமணியில். நேரில் போய்க் கேட்கலாம். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டாய்வுத் திட்டம் என்றால் ஐந்தாம் பிரிவில் விலக்கு உண்டு. உங்கள் கூட்டாய்வுக்கு அப்படி ஒப்புதல் கடிதம் இருக்கிறதா, அல்லது இரண்டு பேராசிரியர்கள் கருத்தரங்கில் கைகுலுக்கிய கூட்டாய்வா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வகைதான். 2023 திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தில் சிறைத்தண்டனை போய், 1 லட்சத்திலிருந்து 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆகியிருக்கிறது. ஆய்வு உதவித்தொகையில் கட்டக்கூடிய தொகை இல்லை.

நான் மேலே சொன்ன வித்தியாசம் இந்தச் சட்டத்தில் பச்சையாகவே எழுதியிருக்கிறது. நான்காம் பிரிவு, ஆய்வு முடிவுகளை வெளிநாட்டவருக்கு மாற்றித் தர அனுமதி கேட்கிறது. உடனே விலக்கும் வருகிறது: அரசின் வழிகாட்டிக்கு உட்பட்டுக் கட்டுரை வெளியிடுவதற்கும், கருத்தரங்கிலோ பயிலரங்கிலோ அறிவைப் பரப்புவதற்கும் இந்தப் பிரிவு பொருந்தாது. ஒருவருக்குக் கொடுத்தால் அனுமதி வேண்டும், உலகத்துக்கே கொடுத்தால் அனுமதி வேண்டாம். விசித்திரமாகத் தெரியும். ஆனால் காரணம் உண்டு. ஒருவருக்கு மட்டும் கிடைப்பதுதான் அவருக்குத் தனி லாபமாகும், காப்புரிமையாகும், ரகசியமாகும். எல்லாருக்கும் கிடைத்தது கும்பகோணத்து விவசாயிக்கும் கிடைத்துவிடுகிறது.

அனுப்பும் பக்கத்தோடு பெறும் பக்கத்தையும் பாருங்கள். இலைக்கருகல் பாக்டீரியாவை அமெரிக்க வேளாண் துறை தன் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்திருக்கிறது. நம் ஊரில் மழைக்குப்பின் வயலுக்கு வயல் தண்ணீரோடு போய்ப் பரவும் அதே கிருமியை அங்கே பதிவுபெற்ற ஆய்வகம்தான் தொடலாம். பேராசிரியரிடம் அந்தப் பதிவு இருக்கிறதா என்று எழுதிக் கேளுங்கள். தயங்கினால் கல்ச்சர் இங்கேயே இருக்கட்டும், சண்டிகரின் எம்.டி.சி.சி. போன்ற அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் வைத்துவிட்டு எண்ணை மட்டும் கட்டுரையில் கொடுங்கள்.

காப்புரிமையைப் பற்றி ஒரே வரி: இந்த ஆய்விலிருந்து நோய் கண்டறியும் கிட் மாதிரி ஏதாவது பிறந்து, வெளிநாட்டில் முதலில் விண்ணப்பிக்கலாம் என்று பேச்சு வந்தால், காப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவைப் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ட்ரோன். தஞ்சாவூரில் இருக்கும் விமானப்படைத் தளம் 2013ல் திறக்கப்பட்டது. 2020 ஜனவரியில் பிரம்மோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் விமானங்களின் படைப்பிரிவு அங்கே குடிவந்தது. டெல்டாவில் ட்ரோன் வைத்து ஆய்வு செய்கிறவர்களுக்கு இது செய்தித்தாள் விஷயம் இல்லை. 2021 ட்ரோன் விதிகள் வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரித்திருக்கின்றன. அரசின் டிஜிட்டல் ஸ்கை தளத்தில் இருக்கும் வரைபடத்தைத் திறந்து உங்கள் வயல் எந்த நிறத்தில் விழுகிறது என்று ஒவ்வொரு முறை பறக்கவிடும் முன்பும் பாருங்கள். பூச்சிமருந்து அடிக்கிற ட்ரோன் தினமும் பறக்கிறதே என்பது வாதமாகாது. படைத்தளம் 1923ன் அலுவலக ரகசியச் சட்டப்படி தடைசெய்யப்பட்ட இடம். அதன் அருகே எடுத்த வான்படத்தை நெல் ஆராய்ச்சிக்கு என்று சொல்லி விளங்க வைப்பது சுலபம் இல்லை. திருவாரூர், மன்னார்குடிப் பக்க வயல் என்றால் பெரும்பாலும் தலைவலி குறைவு.

எடுத்த படத்துக்கு வருவோம். இங்கேதான் டெல்டாவுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வேறெங்கும் இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை. ஒரு காலத்தில் கடலோர மாவட்டங்களின் சர்வே ஆஃப் இந்தியா தாள்களே சாதாரண ஆளுக்குக் கிடைக்காது. 2005 வரைபடக் கொள்கை பொதுமக்களுக்குத் தனித் தாள் வரிசை தந்தது. 2016ல் எதிர்த்திசையில் ஒரு வரைவு மசோதா வந்தது. அனுமதியில்லாமல் புவித்தகவல் எடுத்தால் 100 கோடி ரூபாய் வரை அபராதம் என்று மிரட்டியது. எதிர்ப்பு கிளம்பியதும் கிடப்பில் போனது. 2021 பிப்ரவரி வழிகாட்டி எல்லாவற்றையும் புரட்டிப் போட்டது: இந்திய நிறுவனங்களுக்கு முன்அனுமதி வேண்டாம், தன்சான்று போதும். ஆனால் ஒரு வரம்பு வைத்தது. கிடைமட்டத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர். அதைவிடத் துல்லியமான தரவை இந்தியர்கள் மட்டுமே உருவாக்கலாம், உடைமையாக வைத்திருக்கலாம். அது இந்தியாவிலேயே சேமிக்கப்பட வேண்டும்.

ராஜஸ்தானிலோ நீலகிரியிலோ உயரத்தில் 3 மீட்டர் பிசகு என்பது பெரிய குறை ஆகாது. வேதாரண்யத்தில் 3 மீட்டர் பிசகினால் வரைபடத்தையே தூக்கிப் போட்டுவிடலாம். தலைஞாயிறு, கோடியக்கரைப் பக்கம் ஒரு முழ உயர வித்தியாசத்தில் ஒரு வயல் உப்புத் தண்ணீரில் மூழ்கும், பக்கத்து வயல் பிழைக்கும். 2018 நவம்பர் 16ல் கஜா புயல் கரையேறிய பகுதி அது. அதற்கு முன் 2004 சுனாமி. இங்கே வெள்ளம், உவர்நீர், வடிகால் பற்றி எந்த ஆய்வு செய்தாலும் சென்டிமீட்டர் கணக்கில் உயரம் வேண்டும். ஆகவே டெல்டாவின் உருப்படியான உயரத் தரவு எல்லாமே வரம்புக்குள் சிக்கிவிடும். அதாவது இந்திய சர்வரை விட்டு வெளியே போகக் கூடாது. இந்த வரம்பை வகுத்தவர்கள் மனதில் தட்டை நிலம் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. நிலத்தின் சாய்வைப் பார்த்து வரம்பை மாற்ற வேண்டும் என்பது என் கட்சி.

உங்களுக்கு நடைமுறையில் என்ன பொருள்? ட்ரோன் படத்தின் பிக்சல் 5 சென்டிமீட்டர் என்பதும், இருப்பிடத் துல்லியம் 5 சென்டிமீட்டர் என்பதும் ஒன்றல்ல. சாதாரண ஜி.பி.எஸ். வைத்த ட்ரோனில் பிக்சல் நுணுக்கமாக இருக்கும், இடம் சில மீட்டர் தள்ளி விழும். இருப்பிடத்தைச் சென்டிமீட்டர் கணக்கில் திருத்தும் ஆர்.டி.கே. கருவி வைத்திருந்தால் இரண்டும் நுணுக்கம். அப்படியானால் முழுத் தரவை இந்தியச் சர்வரில் வைத்து, கட்டுரைக்கு வரம்புக்குள் அடங்கும்படி துல்லியத்தைக் குறைத்த பிரதியைக் கொடுங்கள். நோய்ப் பரவல் காட்ட அது தாராளம். வயல்காரர் பெயரையும் சர்வே எண்ணையும் எடுத்துவிடுங்கள். பாதுகாப்புச் சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், இன்னாருடைய வயலில் நோய் என்று உலகத்துக்கு அறிவிக்க அவர் சம்மதிக்கவில்லையே.

தண்ணீர்த் தரவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நோயை வாய்க்கால் நீரோடு ஒப்பிடப் போகிறீர்கள் என்பதால் சொல்கிறேன். காவிரி விவகாரம் இரண்டு மாநிலங்களை இத்தனை வருடம் நீதிமன்றத்தில் நிறுத்தியது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் கர்நாடகம் பிலிகுண்டுலுவில் தர வேண்டியது 177.25 டி.எம்.சி. என்று முடித்தது. அதனால் காவிரி நீர்க்கணக்குதான் படு ரகசியம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை. மத்திய நீர்வள ஆணையத் தரவுக் கொள்கையில் ரகசிய வகையில் இருப்பவை எல்லை தாண்டும் சிந்து, கங்கை, பிரம்மபுத்திரா படுகைகள். காவிரி திறந்த வகை. இருந்தும் என் மாணவி ஒருத்தி ஓர் ஒன்றியத்தின் நிலத்தடி நீர்மட்டம் கேட்டு ஓர் அலுவலகத்துக்குப் போனபோது, ‘பாதுகாப்புக் காரணம்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார்கள். அதே கணக்கு அரசின் இந்தியா-டபிள்யூரிஸ் தளத்தில் யாரும் பார்க்கும்படி கிடந்தது. மறுத்தவருக்கு எந்தச் சட்டப் பிரிவும் தெரியாது. கொடுத்தால் யாராவது கேட்பார்கள், கொடுக்காவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள் என்பது மட்டும் தெரியும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் ஒரு நூல் நம் கோடியக்கரை வரை வருகிறது. சலீம் அலி வழிநடத்திய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் வலசைப் பறவைகளுக்கு வளையம் இட்டது. கோடியக்கரை அந்தக் கழகத்தின் முக்கியமான வளையமிடும் தளங்களில் ஒன்று. கழகத்தின் வலசை ஆய்வுக்கு 1960களில் ஒரு பகுதிப் பணம் அமெரிக்க ராணுவத்தின் திட்டம் ஒன்றிலிருந்து வந்தது; ஆசியாவில் பறவைகளோடு நோய்கள் எப்படிப் பயணிக்கின்றன என்று பார்க்கும் திட்டம். 1970களில் இது வெளியே வந்தபோது, பறவை மூலம் கிருமி அனுப்பும் ஒத்திகையா என்று நாடே கேட்டது. நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 1975ல் இதையும், டெல்லியில் நடந்த கொசு மரபணுக் கட்டுப்பாட்டுத் திட்டத்தையும் கடுமையாகச் சாடியது. வளையமிட்டவர்கள் பறவையைத் தவிர வேறு எதையும் நினைத்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் பணம் யாருடையது, தரவு யாருக்குப் போகிறது என்பது முதல் நாளிலிருந்தே வெளியில் இருந்திருந்தால் இவ்வளவு சந்தேகம் மூண்டிருக்காது. 1994ல் இஸ்ரோ விஞ்ஞானி நம்பி நாராயணன் உளவுக் குற்றச்சாட்டில் கைதானதும், குற்றச்சாட்டு பொய் என்று சி.பி.ஐ. சொன்ன பிறகும் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டுக்கு உத்தரவிட 2018 வரை ஆனதும் நம் விஞ்ஞானிகளின் எலும்பில் இறங்கியிருக்கிறது. நெறியாளர் அந்தத் தலைமுறை என்றால் அவரைக் குறை சொல்லாதீர்கள்.

ஆனால் பயம் சட்டம் ஆகாது. அரசமைப்பின் 19(2) பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த அனுமதிக்கும் காரணங்களில் ஒன்று ‘அரசின் பாதுகாப்பு’. அதற்கு எல்லை உண்டு என்று 1950லேயே, மதராஸ் மாநில அரசு ஒரு பத்திரிகையைத் தடைசெய்த ரோமேஷ் தாப்பர் வழக்கில், உச்ச நீதிமன்றம் சொன்னது: பொது அமைதிக்குக் குந்தகம் எல்லாம் அரசின் பாதுகாப்புக்கு ஆபத்து ஆகிவிடாது. அடுத்த வருடமே அரசமைப்பைத் திருத்திப் ‘பொது ஒழுங்கு’ என்பதைச் சேர்த்தார்கள். அது வேறு கதை. 2023 ஏப்ரலில் மலையாளத் தொலைக்காட்சி மீடியாஒன் வழக்கில், தேசப் பாதுகாப்பு என்று சொன்னால் போதாது, அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும் என்று நீதிமன்றம் மறுபடி அழுத்திச் சொன்னது. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(அ) பிரிவு நாட்டின் ‘அறிவியல் நலன்’ என்பதையும் மறுக்கும் காரணமாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் 8(2), பொதுநலன் மேலோங்கினால் கொடு என்கிறது. உங்களுக்கு எந்த அலுவலகமாவது தரவு மறுத்தால் எந்தப் பிரிவின்படி என்று எழுத்தில் கேளுங்கள். பாதி மறுப்புகள் அங்கேயே கரைந்துவிடும்.

2021 ஜனவரியில், அரசு நிறுவனங்களின் இணையவழிச் சர்வதேசக் கருத்தரங்குகளில் நாட்டின் பாதுகாப்பு, ‘உள்விவகாரம்’ தொடர்பான தலைப்புகளுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் முன்அனுமதி வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. அறிவியல் அகாடமிகள் எழுதிக் கேட்டன. பிப்ரவரியில் திரும்பப் பெற்றார்கள். இன்றும் சில கல்லூரி அலுவலகங்களில் அந்தப் பழைய தாளைக் காட்டுவார்கள்.

மறுபக்கமும் உண்மை. அமெரிக்காவின் டென்னசி பல்கலைக்கழகப் பேராசிரியர் ரீஸ் ராத், அந்நாட்டு விமானப்படைப் பணத்தில் ட்ரோனுக்கான பிளாஸ்மா ஆய்வு செய்தார். சீன, ஈரானிய மாணவர்களை அந்த வேலையில் சேர்த்தார், தாள்களோடு சீனாவுக்கும் போனார். 2008ல் ஜூரி குற்றவாளி என்றது. நான்கு வருடச் சிறை. பணம் கொடுத்தவரின் ஒப்பந்தத்தில் கட்டுப்பாடு எழுதியிருந்தது. பல்கலைக்கழக அதிகாரியும் எச்சரித்திருந்தார். அடிப்படை ஆராய்ச்சி என்ற குடை அவருக்கு உதவவில்லை. அதே நாட்டில் 1985ல் ரீகன் ஆணை ஒன்று, அடிப்படை ஆராய்ச்சியின் முடிவுகளை முடிந்தவரை கட்டுப்படுத்தாதே, கட்டுப்படுத்தியே ஆக வேண்டுமானால் முறைப்படி ரகசியமென்று வகைப்படுத்து என்று சொல்லியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் நிற்பது ஒப்பந்தத் தாள்தான். உங்கள் ஆய்வுக்குப் பணம் தருவது யார், அந்தத் தாளில் பிரசுரம் பற்றி என்ன இருக்கிறது? உதவித்தொகை ஆணையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனம் ஏதாவது பணம் போட்டிருந்தால் நான் இதுவரை சொன்னதில் பல மாறும்.

நீங்கள் செய்ய வேண்டியது என்று நான் நினைப்பது: நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு பக்கக் கடிதம். கிருமியின் பெயர், பட்டியலில் தேடிய தேதி, எதை எங்கே பிரசுரிக்கிறோம், எதைப் பிரசுரிக்கவில்லை, ஏன். நெறியாளரும் கையெழுத்துப் போடட்டும். பதில் வந்ததும் வரிசையைத் தரவு மையத்தில் ஏற்றுங்கள். படத்தைத் துல்லியம் குறைத்துக் கொடுங்கள். கல்ச்சரை இப்போதைக்கு அனுப்பாதீர்கள். வெளிநாட்டுப் பேராசிரியருக்குத் தனிக்கோப்பு அனுப்புவதற்குப் பதில், தரவகத்தில் ஏற்றிய இணைப்பை அனுப்புங்கள். எதிர்ப்புத்திறன் உள்ள நெல் ரகத்தையும் உடைக்கும்படி பூஞ்சையின் மரபணுவை மாற்றும் சோதனை உங்கள் திட்டத்தில் எங்காவது இருந்தால், அதை மட்டும் தனியாக எழுதிக் கேளுங்கள். அதற்கு இந்தப் பதில் செல்லாது.